விளக்கு வாங்கும் முன் திண்ணை வெயில்

லேசான மறதி உள்ள பெரியவருக்கு ராத்தூக்கம் கெட்டிருந்தால், விலை கொடுத்து ஒளி சிகிச்சை விளக்கு வாங்குமுன், தினமும் காலை ஏழரைக்கு அரை மணி நேரம் வாசலில் உட்கார வையுங்கள். அந்த விளக்கு தருவது சுமார் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கிழக்கே கடல் திறந்து கிடக்கிறது, தெளிந்த காலையில் அவ்வளவு வெளிச்சம் சும்மாவே கிடைக்கும். வீட்டு டியூப்லைட் சில நூறு லக்ஸ்தான்.

கண்ணுக்குள் போகும் வெளிச்சம்தான் மூளையின் கடிகாரத்தைத் திருத்தி, தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் ராத்திரியில் சுரக்க வழிசெய்கிறது. அதனால் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்கவும் கூடாது. எதிரில் வலை சீர்செய்பவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் கூடுதல் நேரம் உட்கார வேண்டும்.

பொழுது சாய்ந்ததுமே தூங்கி இரண்டு மணிக்கே விழித்துக்கொள்பவருக்கு இது சரிவராது, விழிப்பு இன்னும் முன்னால் போகலாம். அவருக்குச் சாயங்கால வெளிச்சமே நல்லது. விழித்திரை நோய், அண்மையில் கண் ஆபரேஷன், பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்), வெயில் ஒத்துக்கொள்ளாத மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்ட பிறகுதான். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் அது வேறு கோளாறு, வெயிலால் தீராது.