வெளியே போக முடியாத இடைவேளை: வகுப்பறைக்குள்ளேயே பிள்ளைகளை விளையாட வைக்கும் வழிகள்

மழையோ புழுதிக்காற்றோ கொளுத்தும் வெயிலோ மைதானத்தின் கதவை அடைத்துவிட்ட நாளில், இடைவேளை மணி அடித்ததும் வகுப்பே ஒருமுறை சன்னலைப் பார்க்கும், அடுத்து ஆசிரியரைப் பார்க்கும். என்ன விளையாடலாம் என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்கும் ஆசிரியருக்கு அந்தப் பதினைந்து நிமிடம் பெரும்பாடாகிவிடும். ஆகவே, வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளிலேயே வகுப்பைக் கூட்டி, எந்த மூலையில் எந்த விளையாட்டு, எத்தனை பேர், பெஞ்சுகளை யார் நகர்த்துவது என்பதையெல்லாம் பேசி முடித்து, ஒருமுறை ஒத்திகையும் பார்த்துவிடுவது நல்லது.

அதற்கு முன் ஆசிரியர் தமக்குள்ளே தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இடைவேளை பிள்ளைகளுடையது, உள்ளே நடக்கிறது என்பதற்காக அது பாடவேளை ஆகிவிடாது. விட்டுப்போன கணக்கை முடிக்கச் சொல்வதும், காலையில் சேட்டை செய்தவனை இடத்திலேயே உட்கார வைப்பதும் அந்த நேரத்தைப் பறிப்பதாகவே ஆகும். ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டில் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாகவே சொல்கிறது. தண்டனைக்காக இடைவேளையை நிறுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2013ஆம் ஆண்டின் கொள்கை அறிக்கையில் கூறியிருக்கிறது. உடன்படிக்கையைப் படித்திராத ஆசிரியருக்கும் இது தெரிந்ததே: இடைவேளை பறிபோன வகுப்பில் அடுத்த பாடம் ஏறுவதில்லை.

முதல் ஐந்து நிமிடத்தை உடலுக்கு ஒதுக்குங்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலியக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மைதானம் இல்லாத நாளில் அதில் ஒரு பங்கையாவது வகுப்பறை ஈடுகட்ட வேண்டும். ஓடுவதற்கு இடம் இல்லை என்றாலும், நின்ற இடத்திலேயே குதிக்கலாம். ஒருவர் செய்வதை எதிரில் நிற்பவர் கண்ணாடியைப் போல அப்படியே செய்து காட்டலாம். பாட்டு ஓடும்வரை ஆடி, நின்றதும் சிலையாகலாம். குதிப்பதற்கு முன் பைகளைச் சுவரோரம் ஒதுக்கச் சொல்ல மறக்க வேண்டாம், ஏனெனில் பையின் வாரில் கால் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் விழக்கூடும்.

வகுப்பறைக்குள் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, 'அவுட்' ஆன பிள்ளை அதன் பிறகு என்ன செய்யும் என்பதுதான். வேலை எடுத்த புதிதில், ஒரு மழை நாளில் நாற்காலி விளையாட்டு வைத்தேன். முதலில் வெளியேறியவன் வகுப்பிலேயே மிகவும் துறுதுறுப்பானவன். அவன் சும்மா இருப்பானா? ஐந்தாவது சுற்று முடிவதற்குள், வெளியேறிய நால்வரும் மேசைக்கு அடியில் புகுந்து தனியாக ஒரு போரே நடத்திக்கொண்டிருந்தார்கள். தவறு அவர்களுடையது அன்று. எந்தப் பிள்ளைக்கு விளையாட்டு அதிகம் தேவையோ அந்தப் பிள்ளையையே முதலில் வெளியேற்றும் விளையாட்டை நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். இப்போது அதே விளையாட்டில் நாற்காலிகள் மட்டுமே குறையும், ஆட்கள் குறைவதில்லை. பாட்டு நின்றதும் எஞ்சிய நாற்காலிகளில் எல்லாருமாகச் சேர்ந்து எப்படியாவது இடம் பிடித்தாக வேண்டும். ஒரு கால் நாற்காலியைத் தொட்டாலும் போதும் என்று விதி வைத்தால் நெரிசலும் இராது. சிலை விளையாட்டில் அசைந்துவிட்டவரை உட்கார வைக்காமல் நடுவராக்கிவிடலாம். தோற்றவரைவிடக் கண்டிப்பான நடுவர் கிடைக்கமாட்டார்.

உடல் ஓய்ந்ததும் மேசை விளையாட்டுகளுக்கு மாறலாம். தாளும் பென்சிலும் போதும் என்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது முளை விளையாட்டு. 1967ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜான் கான்வே, மைக்கேல் பேட்டர்சன் என்ற இரு கணிதவியலாளர்கள் உருவாக்கியது இது. தாளில் மூன்று புள்ளிகளை வையுங்கள். இரண்டு புள்ளிகளை இணைத்தோ, ஒரு புள்ளியில் தொடங்கி வளைந்து அதே புள்ளிக்குத் திரும்பியோ ஒருவர் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் ஒரு புதிய புள்ளியையும் வைக்க வேண்டும். கோடு எந்தக் கோட்டையும் வெட்டக் கூடாது. மூன்று கோட்டு முனைகள் சேர்ந்துவிட்ட புள்ளி அதோடு ஓய்ந்துவிடும். மேற்கொண்டு கோடு போட வழியில்லாமல் நிற்பவர் தோற்றவர். மூன்று புள்ளிகளில் தொடங்கினால் எட்டு கோடுகளுக்குள் விளையாட்டு முடிந்தே தீரும் என்பதால், மணி அடிக்கும்போது பாதியில் நிற்கிறதே என்ற புலம்பல் அனேகமாக எழாது. புள்ளிகளை இணைத்துக் கட்டம் பிடிக்கும் விளையாட்டுக்கும் இதே கணக்கைப் பார்க்கலாம்: வரிசைக்கு நான்காக நான்கு வரிசைப் புள்ளிகள் வைத்தால் கட்டங்கள் ஒன்பது, ஆகவே சமன் என்ற பேச்சுக்கே இடமில்லை, வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை வைத்தால் பதினாறு கட்டங்களாகி, எட்டுக்கு எட்டு என்று முடிந்து மல்லுக்கட்டு தொடங்கலாம்.

பேச்சு விளையாட்டு வேண்டுமென்றால் சொற்சங்கிலி இருக்கவே இருக்கிறது, ஆனால் தமிழில் அதற்கு விதியை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். 'மரம்' என்றால் 'ம' வரிசையில் 'மயில்' என்று எளிதாகப் போய்விடும்; 'வீடு' என்றதும் ஒருவன் 'டயர்' என்பான், மற்றவள் அது தமிழே இல்லை என்பாள். கடைசி எழுத்தில் சொல் தொடங்காது என்றால் அதற்கு முந்தைய எழுத்துக்குப் போக வேண்டும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். அதன்படி 'வீடு' என்பதற்கு அடுத்து 'வீணை' வரலாம். 'கடல்' என்றாலோ 'ல'வும் உதவாது, 'ட'வும் உதவாது, முதல் எழுத்தான 'க'வுக்கே திரும்ப வேண்டியிருக்கும். பிறமொழிச் சொல் செல்லுமா செல்லாதா என்பதைப் பிள்ளைகளே கைதூக்கித் தீர்மானிக்கட்டும். அந்த வாக்கெடுப்பு சில நாள்களில் விளையாட்டைவிடக் களைகட்டிவிடுகிறது.

சீட்டுக்கட்டு, ஏழு துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் அமைக்கும் டேங்க்ராம், மடிப்பதற்கான சதுரத் தாள்கள், ஒரு பக்கம் மட்டும் அச்சான பழைய காகிதங்கள் ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். அந்தப் பெட்டி, வெளியே போக முடியாத நாளில் மட்டுமே திறக்கப்பட வேண்டும். நாள்தோறும் கைக்கு எட்டும் பொருளில் பிள்ளைகளுக்கு நாட்டம் இருப்பதில்லை. திரையில் படம் ஓட்டுவது எளிதுதான், வகுப்பும் அடங்கிவிடும். ஆனால் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர்கள் மறுபடியும் உட்கார்ந்தே இருப்பார்கள் என்பதால் நான் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன்.

எந்த விளையாட்டிலும் சேராமல் சன்னலோரம் நிற்கும் பிள்ளையை இழுத்து வந்து கூட்டத்தில் சேர்ப்பது உதவியாகாது. கதைப் புத்தகமும் வண்ணப் பென்சில்களும் உள்ள ஓர் அமைதியான மூலையை எப்போதும் விட்டுவைத்து, அங்கே போவதும் ஒரு தேர்வுதான் என்று வகுப்பறிய ஒருமுறை சொல்லிவிட்டால், தனிமையை விரும்பும் பிள்ளைக்குக் கூச்சம் இராது. அதே பிள்ளை நாள்தோறும் அங்கேயே ஒதுங்குகிறது என்றால் விருப்பத்தாலா, யாரும் சேர்த்துக்கொள்ளாததாலா என்று மெல்ல விசாரித்துப் பார்க்க வேண்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை, அரங்கே அதிரும் வகுப்பில் ஆசிரியரும் கத்தினால் அது இன்னொரு சத்தமாகவே சேரும். விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவது, கையை உயர்த்தி நிற்பது என ஏதேனும் ஒரு சைகையை ஒத்திகை நாளிலேயே பழக்கிவிடுங்கள். முடிவதற்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அந்தச் சைகையைக் காட்டி, முதலில் பெட்டிக்குள் பொருள்களை அடுக்கவும், பிறகு தண்ணீர் குடிக்கவும், கடைசியாக இடத்தில் அமரவும் சொல்லுங்கள். சீட்டுகளை எண்ணி 52 இருக்கிறதா என்று பார்த்த பிறகே பெட்டியை மூடுங்கள்.