கல்யாணச் சான்றிதழ் இல்லாமல் அவளைக் காப்பீட்டில் சேர்த்தது

கலிஃபோர்னியாவில் நானும் அவளும் நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் வேலையும் அதோடு மருத்துவக் காப்பீடும் போனபோது, என் அலுவலகத் திட்டத்தில் சேர்க்கப் போனேன். ஹெச்ஆரில் எடுத்த எடுப்பிலேயே "மேரேஜ் சர்டிஃபிகேட்?" என்றார்கள். இல்லை என்றதும் முடியாது என்றுவிட்டார்கள்.

அன்று இரவு திட்ட ஆவணத்தைத் தோண்டினேன். உள்ளே எங்கோ 'டொமஸ்டிக் பார்ட்னர்' (கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணை) என்று ஒரு வரி! மாநிலப் பதிவோ, அல்லது அஃபிடவிட்டோடு இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தமோ போதும். எங்கள் ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான். சரி, பதிவே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். 2020 ஜனவரியிலிருந்து எல்லா ஆண்-பெண் ஜோடிகளுக்கும் அது திறந்திருக்கிறது. 18 நிரம்பினால் போதும். நோட்டரி முன் இருவரும் கையெழுத்துப் போட்டு, படிவத்தை மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு அனுப்பினோம். நோட்டரி அம்மா "கங்கிராட்ஸ்" என்றார். வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அவள் காப்பீடு போன நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. சான்றிதழ் வரும்வரை காத்திராமல், விண்ணப்பத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து வைத்தேன். அதுதான் காப்பாற்றியது.

அப்புறம் சம்பளச் சீட்டைப் பார்த்தால் 'இம்ப்யூடட் இன்கம்' என்று புதிதாக ஒரு தொகை. அவளுக்காக நிறுவனம் கட்டும் பங்கை மத்திய வரித்துறை என் வருமானமாகக் கணக்கிடுகிறது. பதிவு செய்தவர்களுக்கு மாநில வரியில் அது கிடையாது. ஆனால் சம்பளப் பிரிவு மாநில வரியையும் பிடித்திருந்தது. சான்றிதழ் நகலை அனுப்பியதும் அடுத்த மாதம் திருத்தினார்கள்.