டயர் அகலமும் ரிம் அகலமும்: மவுன்டன் பைக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது டயர் வாங்கப் போகிறவர்கள் ரப்பர் எப்படி, நாப் (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் மேடு) எவ்வளவு உயரம், எடை என்ன என்று எல்லாவற்றையும் அலசுவார்கள். ரிம் எவ்வளவு அகலம் என்று கேட்டால் யோசிப்பார்கள். ஒரே 2.4 இஞ்ச் டயர் 21 மி.மீ. ரிம்மில் ஒரு மாதிரி ஓடும், 35 மி.மீ. ரிம்மில் வேறு மாதிரி ஓடும். காற்றடித்த பிறகு டயர் என்ன வடிவத்தில் நிற்கிறது என்பதை ரிம்மும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

அளப்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. டயர் மாட்டியிருக்கும்போதே ரிம்மை வெளிப்பக்கமாக அளந்து, "என் ரிம் 30" என்பார்கள். டயருக்குத் தேவை உள் அகலம். அதாவது டயரின் ஓரம் உட்காரும் இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. வெளி அகலம் இதைவிடப் பல மி.மீ. கூடுதலாக இருக்கும், கார்பன் ரிம்மில் சுவர் தடிமன் என்பதால் வித்தியாசம் இன்னும் அதிகம். ரிம்மில் 622x30 என்று அச்சிட்டிருந்தால் வேலை சுலபம்: 622 என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம் (29 இஞ்ச் சக்கரம்), 30 என்பது உள் அகலம். ரிம் மாடலின் பெயரில் வரும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சில கம்பெனிகள் உள் அகலத்தைப் பெயராக வைக்கின்றன, சில வெளி அகலத்தை.

அடுத்தது, குறுகிய ரிம்மில் தடித்த டயர். 19, 21 மி.மீ. ரிம் உள்ள பழைய பைக்குகளில் இது அதிகம் நடக்கிறது. பைக்கின் சட்டத்தில் (ஃப்ரேமில்) இடம் இருக்கிறதே என்று 2.5 போட்டுவிடுவார்கள். டயர் குண்டு பல்பு போல மேலே உப்பி, அடியில் ஒடுங்கி நிற்கும். நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. வளைவில் சாய்த்தால் டயர் பக்கவாட்டில் மடங்கும், பைக் சொன்ன இடத்துக்குப் போகாது. ட்யூப்லெஸ் என்றால் அழுத்தத்தில் டயர் ஓரம் ரிம்மை விட்டு ஒரு கணம் விலகி, புஸ்ஸென்று காற்று போய்விடும். இதைச் சமாளிக்கக் கூடுதலாகக் காற்றடிப்பார்கள். அப்புறம் தடித்த டயர் எதற்கு? குறைந்த காற்றில் நல்ல பிடிப்பு கிடைக்கும் என்பதுதானே அதன் பயனே! இந்த ரிம்களுக்கு 2.1, மிஞ்சினால் 2.25 போதும்.

இதற்கு நேர் எதிரான தவறு, புதிதாக அகல ரிம் வாங்கிவிட்டுப் பழைய 2.1 டயரையே மாட்டுவது. டயரின் மேற்பரப்பு சப்பையாகிவிடும். ஓர நாப்கள் மேலே ஏறி நேர் பாதையிலேயே தரையைத் தேய்க்கும். வளைவில் கடிக்க வேண்டிய கோணத்தில் அவை இருக்காது. சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) வெளியே நீட்டி நிற்பதால் கல் கிழிக்கும். ரிம் ஓரத்துக்கும் டயரின் மறைப்பு குறைந்து, ஒரு பாறையில் இடித்தால் நசுங்கும். குறுகிய ரிம்மின் தொல்லையாவது ஓட்டும்போது கையில் தெரியும். இது ரிம்மையே காவு வாங்கும்.

பொதுவாக 25 மி.மீ. ரிம்முக்கு 2.2 முதல் 2.4 வரை, 30 மி.மீ.க்கு 2.3 முதல் 2.6 வரை, 35 மி.மீ.க்கு 2.5 முதல் 2.8 வரை பொருந்தும். டயர் கம்பெனியின் அட்டவணை வேறு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய ட்ரெயில் (கரடுமுரடான மண் பாதை) டயர்கள் பல 30 மி.மீ.யை மனதில் வைத்தே வடிவமைக்கப்படுகின்றன. புது ரிம் வாங்குபவர் குழம்பினால் 30 என்று போய்விடலாம்.

டயரில் அச்சிட்ட அகலத்தை அப்படியே நம்புவதும் தவறு. 2.4 இஞ்ச் என்றால் 61 மி.மீ. ஆனால் ரிம் 1 மி.மீ. அகன்றால் டயர் ஏறக்குறைய 0.4 மி.மீ. அகலும். 25-லிருந்து 30-க்கு மாறினால் 2 மி.மீ. கூடிவிடும். மாட்டிய சில நாளில் டயர் இன்னும் கொஞ்சம் விரியவும் செய்யும். அதனால் ஃபோர்க்கிலும் பின்சட்டத்திலும் இருபுறமும் 6 மி.மீ.யாவது இடைவெளி இருக்கிறதா என்று காற்றடித்த பிறகு பாருங்கள். சேற்றில் ஓட்டுபவருக்கு அதுவும் போதாது.

ரிம் மாறியும் பழைய காற்றளவிலேயே ஓட்டுபவர்கள் உண்டு. அகல ரிம் டயரின் பக்கச் சுவரை நன்றாகத் தாங்குவதால் 1, 2 பி.எஸ்.ஐ. குறைத்துப் பார்க்கலாம். ரிம் கல்லில் தட்டும் சத்தம் கேட்டால் திரும்ப ஏற்றிவிடுங்கள். ட்யூப்லெஸ் டேப்பையும் (காற்று கசியாமலிருக்க ரிம்முக்குள் ஒட்டும் நாடா) ரிம்மின் உள் அகலத்துக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும்.

கடைசியாக, ரோட்டில் ஓட்டுவதற்காக 29 இஞ்ச் சக்கரத்தில் 700x32 டயரை மாட்டுகிறவர்களுக்கு: விட்டம் இரண்டுக்கும் 622 என்பதால் அது மாட்டத்தான் செய்யும். உள் அகலம் 30 மி.மீ. உள்ள ரிம்மில் 32 மி.மீ. டயர் ஓடும்போது கழன்றுவிடக்கூடும். அதில் ஓட்டாதீர்கள்.