கானுக்குள் அடித்த டென்ட்: மழையில் மலைக்கு ஷோ பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷோ முடிந்து இரவு ஒரு மணிக்கு டென்டுக்குத் திரும்பி வந்தபோது என் தலையணை மிதந்துகொண்டிருந்தது. மிகைப்படுத்தவில்லை, அது காற்றடித்த தலையணை, உண்மையாகவே மிதந்தது. ஐந்து பேர், இரண்டு டென்ட், சித்திரைப் புத்தாண்டு லீவு, ஹட்டனைத் தாண்டி ஒரு தோட்டத்து மைதானத்தில் இரண்டு நாள் மியூசிக்கல் ஷோ. மைதானத்தை ஒட்டிய சரிவில் தங்கிக்கொள்ளலாம் என்றார்கள். எங்களில் மூன்று பேர் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். மழை எங்களுக்கு என்ன புதிதா என்று கொழும்பிலிருந்து வந்த மற்ற இருவரிடமும் வழி நெடுகக் கதை அளந்துகொண்டுதான் போனோம்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கானுக்குள்ளயா டென்ட் அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. தேயிலை மலையில் மண் அடித்துப் போகாமல் மழைத் தண்ணீரை ஓரமாகக் கொண்டுபோகத்தான் கான் வெட்டுகிறார்கள். அந்தத் துண்டில் தேயிலை இல்லாமல் போய்ப் பல வருடம், புல் மூடிவிட்டது, எங்கள் கண்ணுக்கு அது நல்ல சமதரை. தண்ணீருக்கு அது இன்னும் கான்தான்.

அதனால் முதல் தவறு இதுதான்: சமதரையைக் கண்டதும் சந்தோஷப்படுவது. சரிவான மலையில் தட்டையாக ஓர் இடம் கிடைத்தால், ஒன்று யாரோ வெட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் மண்ணைக் கொண்டுவந்து நிரப்பியிருக்கும். டென்டை விரிக்கும் முன் காலடியைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். ரோட்டு மதகு ஒன்று உங்கள் தலைக்கு மேல் வந்து முடிகிறதா, ஒற்றையடிப் பாதை நேராக உங்களை நோக்கி இறங்குகிறதா, புல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கிறதா, சருகும் மெல்லிய மணலும் கோடு இழுத்த மாதிரி ஒதுங்கியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அது தண்ணீர் போகும் வழி. கொஞ்சம் சரிந்த மேட்டில் படுத்தால் இரவு முழுக்க மெல்ல மெல்லக் கீழே வழுக்கிக்கொண்டுதான் இருப்பீர்கள், தலையை மேல் பக்கம் வைத்துச் சமாளிக்கலாம். உயர்ந்த யூகலிப்டஸ் மரத்தடி வேண்டாம், கொப்பு எப்போது முறியும் என்று சொல்லவே முடியாது. வெட்டிய மண் திட்டுக்கு அடியிலும் வேண்டாம்.

மற்ற டென்ட் கானுக்குள் இல்லை, ஆனால் அதுவும் நனைந்தது. அதற்குக் காரணம் எங்கள் கெட்டித்தனம். தரை ஈரம் ஏறாமல் இருக்கப் பெரிய படங்கு ஒன்றை அடியில் விரித்து, நாலு பக்கமும் ஓர் அடி வெளியே நீட்டி வைத்திருந்தோம். டென்டின் மேல் சீட்டில் வழிந்த மழை அப்படியே படங்கில் விழுந்து, படங்கோ தண்ணீரைக் கீழே விடாது, எல்லாம் டென்டின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது. அடியில் போடும் விரிப்பு டென்டைவிட ஒரு கை அகலம் சின்னதாக, முழுவதும் உள்ளே மடிந்து இருக்க வேண்டும். மிச்சப் படங்கைத் தலைக்கு மேல் கயிறு கட்டி, ஒரு பக்கம் தாழ்த்தி இழுத்துக் கட்டினால் சமைக்கவும் சப்பாத்து கழற்றவும் ஒரு திண்ணை கிடைத்த மாதிரி. மழைக்கால டென்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இப்போது அதுதான்.

உள்ளே ஈரம் வந்தால் எல்லாம் ஒழுகல் என்று நினைக்க வேண்டாம். மூன்று பேர் இரவு முழுக்க விடும் மூச்சு குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராக இறங்கும். குளிருக்குப் பயந்து எல்லா வலைச் சன்னலையும் மூடினால் விடியும்போது பெட்சீட் நனைந்திருக்கும். மேல் சீட்டும் உள் துணியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கயிறுகளை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள், மழையில் துணி தொய்யும், இடையில் ஒருமுறை எழுந்து மறுபடி இழுக்கத்தான் வேண்டும். வாங்கும்போது லேபலில் 1,000 மில்லிமீற்றர், 3,000 மில்லிமீற்றர் என்று போட்டிருப்பது, எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்பதற்கான கணக்கு. நம் மலைக்கு 1,000 போதாது, நான் 3,000 பார்த்துத்தான் வாங்குவேன். எந்த எண்ணாக இருந்தாலும் தையல் வழியாக ஒழுகலாம், ஆகவே புறப்படுவதற்கு முன் வீட்டு முற்றத்தில் அடித்து, மேலே நாலு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

மலையகம் முழுக்க ஒரே வானிலை என்று நினைத்துத் திகதி குறிப்பதும் வழக்கமான தவறு. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடிப்பது மேற்குச் சரிவில், அதாவது கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம். இலங்கையில் அதிகம் மழை பெறும் இடங்களில் வட்டவளையும் ஒன்று, வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல். அதே மாதங்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும், அங்கே மழை வடகீழ்ப் பருவத்தில், டிசம்பரிலிருந்து. இடைப்பட்ட மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலையில் பளிச்சென்று வெயில் அடித்துவிட்டுப் பிற்பகலில் இடியோடு கொட்டும். நாங்கள் ஏமாந்தது இந்த வெயிலைப் பார்த்துத்தான், 'பிறகு அடிப்போம் மச்சான்' என்று சாப்பிடப் போய்விட்டு மூன்று மணிக்குக் கொட்டும் மழையில் டென்ட் விரித்தோம், அந்த அவசரத்தில் எவன் மேலே பார்ப்பான்? பகல் சாப்பாட்டுக்கு முன் டென்ட் நிற்க வேண்டும்.

உடுப்பில் எல்லோரும் செய்வது ஜீன்ஸ். நனைந்தால் கனக்கும், அடுத்த நாளும் காயாது. 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை குறையும், நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது, கொழும்பில் போடும் டீசேர்ட் அங்கே நனைந்து காற்றும் பட்டால் பல் கிட்டும். ஒரு செட் உடுப்பும் இரண்டு சோடி மேஸும் (காலுறை) சொப்பிங் பேக்கில் கட்டி, அதைப் படுக்கும்போது மட்டும் போடுவது என்று சத்தியம் செய்துகொள்ளுங்கள். ஷோவுக்குப் போவது ஈர உடுப்போடுதான், மறுநாளும் அதே ஈரத்தைத்தான் போட வேண்டும், கஷ்டம்தான், ஆனால் இரவில் காய்ந்த மேஸுக்கு ஈடாக எதுவும் இல்லை. கூட்டத்துக்குள் குடை வேண்டாம், பின்னால் நிற்பவன் மேடையைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் நிற்பவளின் கண்ணும் தப்ப வேண்டும். ரெயின்கோட் போதும்.

குளிருக்குச் சாராயம் என்பது பழைய கதை. தோலுக்கு இரத்தம் ஓடி வருவதால் சூடாக இருக்கிற மாதிரித் தோன்றும், உள்ளே உடம்பு சூட்டை இழந்துகொண்டிருக்கும். நனைந்தவன் நடுங்கி நடுங்கி, பிறகு நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால், 'வெறியில் இருக்கிறான்' என்று விட்டுவிடாதீர்கள். ஈரத்தைக் கழற்றி, காய்ந்த உடுப்பு மாற்றி, போர்த்தி, 1990க்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் இலவசம்.

அப்புறம், மழை என்பதற்காக அடுப்பை, அதிலும் கரி அடுப்பை, டென்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. தணல் மட்டும் கிடந்தாலும் காபன் மொனொக்சைட் வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, தூங்கினவர் எழும்ப மாட்டார். இந்த ஒன்றில் மட்டும் நான் யாரோடும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. இஞ்சி போட்ட சாயத்தண்ணியைச் சாயங்காலமே ஊற்றி பிளாஸ்கில் வைத்துவிடுங்கள், பாணும் கட்டச் சம்பலும் டின் மீனும் இருந்தால் அடுப்பே தேவையில்லை. மிச்சத்தை டென்டுக்குள் வைக்காதீர்கள், பன்றி வரும்.

அட்டைக்குப் பயந்து போகாமல் இருப்பவர்களும் உண்டு. நீளமான மேஸுக்குள் காற்சட்டையைச் சொருகி, மேலே சவர்க்காரம் பூசினால் போதும்.

இடி வேறு விஷயம். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையில் எண்ணிப் பாருங்கள், 30 செக்கனுக்குள் சத்தம் வந்தால் மைதானத்தில் நிற்கக் கூடாது. மரத்தடியோ, மேடையின் இரும்புச் சட்டமோ, டென்டோ காப்பாற்றாது, த்ரீவீலும் காப்பாற்றாது. கட்டிடத்துக்குள் போங்கள், அல்லது இரும்புக் கூரை உள்ள வேனில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்காருங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து இறங்கலாம். பாட்டு நடுவில் நின்றால் ஏற்பாட்டாளர்களுக்குக் கூச்சல் போடும் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன், இப்போது வெட்கமாக இருக்கிறது.

மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் மலையில் படுக்கிற துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிவதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், நாங்களே பார்க்காமல்தான் போனோம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிக்கிறது, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினாலே கவனிக்கத் தொடங்க வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். தரையில் புது வெடிப்பு, சாய்ந்துபோன மரம், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்குவது, இதில் எதைக் கண்டாலும் சாமானை விட்டுவிட்டு நடங்கள், 117க்கு, அதாவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

வேனை வந்த உடனேயே வெளியே போகும் பக்கம் திருப்பி, மேட்டில் நிறுத்துங்கள். சேற்றில் சில்லு சுற்றினால் அக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கத் தோண்டிக்கொண்டு இறங்கும், கால் மிதியடியை எடுத்துச் சில்லுக்கு அடியில் போட்டு மெல்ல எடுக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் சின்ன கியரில் இறங்குங்கள், மூடுபனியில் ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டென்டை அன்றைக்கே விரித்துக் காயப்போட வேண்டும். நாங்கள் ஈரத்தோடு சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மூன்று வாரம் மறந்துவிட்டோம். பூஞ்சணம் பிடித்து, அவிழ்த்தால் வீடே நாறியது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, தூக்கிக்கொண்டு போய் விறகுக்கு மேல் போட்டார். விறகு இதுவரை நனையவில்லை.