மார்ஃபினை ‘வலித்தால் மட்டும்’ என்று சொல்லாதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் புதிதாகக் கிளினிக் திறக்கும் டாக்டர்கள் கெட்டிக்காரர்கள். சர்க்கரை, டெங்கு, குழந்தைகளின் காய்ச்சல் எதிலும் தடுமாறுவதில்லை. புற்றுநோய் முற்றி வீடு திரும்பியவரைப் பார்க்கும்போது மட்டும், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில் சறுக்குகிறார்கள். கேரளம் 2008-லேயே பாலியேட்டிவ் சிகிச்சைக்கென்று, அதாவது தீராத நோயாளியின் வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சைக்கென்று, கொள்கை வகுத்தது. இன்று பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வருகிறார். வாளையாறு எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இது உண்டு. ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு வீட்டார் கூப்பிடுவது குடும்ப டாக்டரைத்தான்.

மருந்துச் சீட்டில் அளவின் தசமப் புள்ளி தவறுவது போன்றவற்றை மருந்து கொடுப்பவரே பிடித்துவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘வலித்தால் ஒரு மாத்திரை’

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை கோவையிலோ பாலக்காட்டிலோ அங்கீகாரம் பெற்ற ஒரு மருத்துவமனையிலிருந்து வருகிறது. எப்படிக் கொடுப்பது என்று வீட்டார் நம்மிடம் கேட்கிறார்கள். நாம் பாராசிட்டமாலுக்குச் சொல்வதையே சொல்லி அனுப்புகிறோம்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி தலைதூக்கிய பிறகு விழுங்கினால், பிடிப்பதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை நோயாளி துடிப்பார். நான்கு மணி நேரம் கழித்து மறுபடி கேட்பார். இரண்டு நாள் இப்படிக் கேட்டதும் வீட்டில் பேச்சு கிளம்பும்: “மாத்திரைக்கு அடிமையாகிவிட்டார்.” கேட்க வைத்தது நாம், பழி அவருக்கு.

வாய்ப் புற்றுநோய்க்குக் கோவையில் கதிர்வீச்சு முடித்து வந்த ஒரு பெரியவர், தென்னந்தோப்புக்காரர். மகன் மாத்திரை அட்டையைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். கொடுத்ததில் பாதிக்கு மேல் அப்படியே மிச்சம். அதில் அவருக்குப் பெருமை வேறு. “வலித்தால் மட்டும் என்று டாக்டர் சொன்னார், சார். அப்பாவும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்.” பேச முடியாத அந்த மனிதர், துண்டின் நுனியை முறுக்கி முறுக்கி நூல் பிரித்துவிட்டிருந்தார்.

கூட வந்த பஞ்சாயத்து நர்ஸ் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார்: காலை 6, 10, பகல் 2, மாலை 6 மணிக்குப் பத்து மில்லிகிராம். இரவு 10 மணிக்கு இருபது. நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரட்டிப்பு. இடையில் வலி வெடித்தால் கூடுதலாகப் பத்து, அதாவது ஒரு நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு. அதைக் கொடுத்துவிட்டோம் என்று அடுத்த வேளையை நிறுத்தக் கூடாது. இதை மட்டும் அடிக்கோடிட்டார். மூன்றாம் நாள் பெரியவர், தேங்காய் எண்ண யார் போனார்கள் என்று மகனிடம் எழுதிக் கேட்டாராம்.

அந்த அளவு அவருக்கானது. தளர்ந்த முதியவர்களுக்கு ஐந்து அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்குங்கள். கூடுதல் வேளை எத்தனை முறை தேவைப்பட்டது என்பதைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அளவை ஏற்றுவதற்கு அதுதான் கணக்கு. மூச்சு நின்றுவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. வலிக்கு ஏற்ப படிப்படியாக ஏற்றினால் அது அரிது. மூச்சு குறையும் முன் பெரும்பாலும் மயக்கம் போன்ற தூக்கம் வரும். எழுப்பினால் விழிக்காதவருக்கு அடுத்த வேளை கொடுக்காமல் உடனே கூப்பிடச் சொல்லுங்கள்.

மலமிளக்கி

முதல் நாளே எழுதுங்கள். மார்ஃபின் தரும் குமட்டல் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது.

பெத்திடின் ஊசி

மார்ஃபினுக்குப் பதில் இந்த வலி ஊசி வேண்டாம்.

கிரியேட்டினின்

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இந்த ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் அளவை ஏற்றாதீர்கள். சிறுநீரகம் பழுதானால் மார்ஃபினின் கழிவுகள் உடலில் தேங்கும். தூக்கமும் தசைத் துடிப்பும் அதன் அறிகுறி.

போலீஸ் பயம்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தைச் சொல்லி இன்னும் நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க அடுக்கடுக்காக உரிமம் எடுக்க வேண்டியிருந்தது உண்மை. 2014 திருத்தத்துக்குப் பிறகு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும். நீங்கள் இருப்பு வைக்க வேண்டியதில்லை. அருகில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருந்தால் சரி. ரேஷன் கார்டு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் என்று வாழும் குடும்பங்களுக்கு இரண்டு பக்க முகவரியும் தேவைப்படும்.

‘அவரிடம் சொல்லிவிடாதீர்கள்’

நோய் என்னவென்று அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று வாசலிலேயே மகள் கையைப் பிடித்துக்கொள்வார். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். “நானாகச் சொல்ல மாட்டேன், அவராகக் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். பெரும்பாலும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கடைசி வாரத்தில் கூப்பிடுவது

மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு நர்ஸுக்குப் போன் போடுகிறார்கள். கீமோ நடக்கும்போதே கூப்பிடலாம். புற்றுநோய்தான் வேண்டும் என்பதும் இல்லை. இதயம் தளர்ந்து கால் வீங்கியவர், நான்கு எட்டு வைத்தால் இளைக்கும் பழைய பீடிக்காரர், டயாலிசிஸுக்கு வாரம்தோறும் போய்வருபவர், எல்லோரையும் இப்போதே நர்ஸின் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். நடக்கும் சிகிச்சை எதையும் இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.