இரு வேட்பாளரும் பிடிக்காதபோது செய்யும் தவறுகள்

புதிதாக அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழ் நண்பர்களுக்கு, மிச்சிகன் மாநில வாக்குச்சீட்டை விளக்கிச் சொல்லும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பதிவு செய்யத் தவறுவது, தேதியை மறப்பது போன்றவற்றை யாரும் எச்சரிப்பார்கள். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி ஆகிய இரண்டின் வேட்பாளர்களும் மனத்துக்கு ஒவ்வாதபோது நான் செய்த தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அதிபர் பகுதியை வெறுமையாக விடுவது

2016 நவம்பர் 8 அன்று, என் முதல் வாக்கில், அதிபர் பதவிக்குரிய வட்டங்களில் எதையும் நிரப்பாமல், மற்றவற்றை மட்டும் கருப்பு மையால் நிரப்பிச் சீட்டை இயந்திரத்துக்குள் செலுத்தினேன். இந்தியாவில் 2013இல் நோட்டா வந்த செய்தியை ஆர்வமாகப் படித்திருந்த எனக்கு, இதுவும் அதுபோன்ற ஒரு கண்டனமாகவே தோன்றியது. நோட்டாவுக்காவது வாக்கு எண்ணிக்கையில் ஒரு வரி உண்டு. இங்கே வெற்று இடத்தை எவரும் கண்டனமாகப் படிப்பதில்லை. அந்தத் தேர்தலில் மிச்சிகனில் வெற்றி வித்தியாசம் 10,704 வாக்குகள். அதிபருக்கு வாக்கே இடப்படாத சீட்டுகள் சுமார் 75,000. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளில் மாநிலத்துக்குரிய 16உம் மொத்தமாக ஒருவருக்கே போயின.

சென்ற தேர்தலின்போது ஒரு தம்பி, மாதிரி வாக்குச்சீட்டை மேசையில் விரித்துவைத்து, அதிபர் இடத்தில் தன் தாத்தாவின் பெயரை எழுதப்போவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். முன்கூட்டியே முறைப்படி அறிவிப்புத் தாக்கல் செய்தவரின் பெயரை எழுதினால்தான் இங்கே எண்ணுவார்கள் என்றேன், சிரிப்பு நின்றது. எனக்கு எரிச்சல்தான் நிற்கவில்லை. 2000இல் புளோரிடா மாநிலமும், அதன் வழியே அதிபர் பதவியும், 537 வாக்குகளில் முடிவாயின. அங்கே மூன்றாமவரான ரால்ஃப் நேடர் பெற்றவை 97,488. அவருக்கு வாக்களித்தவர்களில் நூற்றுக்கு ஒருவர், அங்கே தோற்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர் பக்கம் சாய்ந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும். (கலிபோர்னியாவைப் போல வித்தியாசம் இலட்சக்கணக்கில் இருக்கும் மாநிலத்தில் இந்தக் கண்டனம் மலிவானது, அங்குள்ளவர்களோடு எனக்கு வழக்கில்லை.)

"யார் நல்லவர்?" என்று மட்டும் கேட்பது

யாரை நியமிப்பார் என்றும் கேட்க வேண்டும். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தபின் உச்ச நீதிமன்றத்தில் காலியான இடம், தேர்தல் முடியும்வரை நிரப்பப்படாமலே கிடந்தது. அதில் அமர்பவருக்கு ஆயுட்காலப் பதவி. நியமிக்கும் அதிபருக்கோ ஒரு தவணை நான்கே ஆண்டுகள்.

தொலைக்காட்சி விவாதத்தை வைத்து முடிவெடுப்பது

வேண்டாம்.

கட்சிக்குரிய ஒரே வட்டத்தை நிரப்பிவிட்டுக் கிளம்புவது

அந்த வட்டம் அக்கட்சியின் வேட்பாளர்கள் எல்லோருக்கும் ஒரேயடியாக வாக்காகும். நீதிபதிகள், பள்ளி வாரியம், மக்கள் முடிவுக்கு விடப்பட்ட முன்மொழிவுகள் எதுவும் அதில் அடங்காது. சீட்டைத் திருப்பிப் பாருங்கள்.

முதற்கட்டத் தேர்தலைத் தவறவிடுவது

அந்த இருவரையும் இறுதிப் போட்டிக்கு அனுப்புவது இதுதான். மிச்சிகனில் இதற்குக் கட்சி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை; எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று சொன்னால் போதும். 2016இல் அது மார்ச் 8, ஒரு செவ்வாய்க்கிழமை. அலுவலகத்தில் வேலை என்று நான் போகவில்லை.