டச்சில் வினை எங்கே வரும், அளவுச்சொல் எப்போது பன்மையாகும்?

தமிழில் வினைக்குக் கடைசி இடம். டச்சில் செய்தி சொல்லும் வாக்கியத்தில் இரண்டாம் இடம். எண்ண வேண்டியது சொற்களையல்ல, வாக்கிய உறுப்புகளை.

'இக் கோப் மோர்ஹென் ப்ரோட்' என்றால் 'நான் நாளை ரொட்டி வாங்குகிறேன்'. 'நாளை'யை முன்னால் வைத்தால் 'மோர்ஹென் கோப் இக் ப்ரோட்'. வினை அசையவில்லை, 'நான்' அதன் பின்னால் போய்விட்டது. 'மோர்ஹென் இக் கோப்' என்பது புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு.

இரண்டு வினை வந்தால், எழுவாய்க்கேற்ப மாறுவது இரண்டாம் இடத்தில் நிற்கும், மற்றது கடைசிக்குப் போகும்: 'இக் வில் மோர்ஹென் ப்ரோட் கோப்பென்' (வாங்க விரும்புகிறேன்).

'நீ' என்ற 'யெய்' முன்னால் இருந்தால் 'யெய் கோப்ட்'. அது வினைக்குப் பின்னால் போனால் கடைசி 'ட்' உதிரும்: 'கோப் யெய்'. 'அவன்', (ஒருவரை மரியாதையாக அழைக்கும்) 'நீங்கள்' வரும்போது உதிராது.

காரணம் சொல்ல இரண்டு சொல் உண்டு. 'வான்ட்' வரிசையைத் தொடாது. 'ஓம்டாட்' வினையைக் கடைசிக்குத் தள்ளும்: 'ஓம்டாட் இக் மோர்ஹென் ப்ரோட் கோப்'. 'நான் நாளை ரொட்டி வாங்குவதால்' என்ற அதே வரிசை, இணைப்புச்சொல் மட்டும் முன்னால். இங்கே தமிழ்க் காதை நம்பலாம். இப்படிப்பட்ட துணைவாக்கியம் முதலில் வந்தால் அது முழுவதும் ஒரே உறுப்பு. அடுத்து உடனே வினை. 'ஆல்ஸ் இக் ப்ரோட் கோப், பெடால் இக் த்வே யூரோ' (ரொட்டி வாங்கினால் இரண்டு யூரோ கொடுக்கிறேன்): காற்புள்ளியின் இருபுறமும் வினை.

அளவிலும் தமிழ்க் காது பாதிவழி உதவும். எண்ணுக்குப் பின் கிலோ, கிராம், லிட்டர், மீட்டர், யூரோ, மணிநேரம், ஆண்டு எல்லாம் ஒருமை: 'ட்ரீ யார்' என்றால் மூன்று ஆண்டு ('யார்' என்று கேட்டுக் குழம்ப வேண்டாம்). ஆனால் நிமிடம், நாள், வாரம், மாதம் பன்மையாகும்: 'ட்ரீ டாஹென்'. பொருளுக்கு முன் உருபு எதுவும் வராது: 'த்வே கிலோ ஆர்டாப்பெலென்', இரண்டு கிலோ உருளைக்கிழங்கு. அளவு ஒருமை, கிழங்கு பன்மை.

நெதர்லாந்துக் கடைகளில் 'ஓன்ஸ்' என்றால் 100 கிராம், 'போன்ட்' என்றால் 500 கிராம். ஒன்றரைக்கு நம்மைப் போலவே ஒரே சொல், 'ஆண்டர்ஹால்ஃப்'. கடிகாரத்தில் மட்டும் ஏமாற்றும்: 'ஹால்ஃப் ட்ரீ' மூன்றரை அல்ல, மூன்றை நோக்கிப் பாதி, அதாவது 2:30.